ஆடியில் விதைப்பதா, பறிப்பதா?



"ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைக் கேட்டிராத தமிழ்க் குடும்பம் இருக்காது. என் அப்பாயி அதை வேதவாக்காகக் கொண்டவர். ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டு அன்று, சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து வைத்திருந்த கத்தரி விதையையும் மிளகாய் விதையையும் எடுத்து, லயத்து வீட்டின் பின்புறம் ஒரு பாத்தியில் தூவுவார். செடிகள் நன்றாகத்தான் எழும்பும். புரட்டாசியில் பார்த்தால் கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும். ஐப்பசி பிறந்ததும் பூ கொட்டும். பிஞ்சு கறுத்து அழுகும். நேற்று மாலை வரை செழித்து நின்ற கத்தரிச் செடி, மறுநாள் நண்பகலில் வெந்நீர் ஊற்றியதுபோல் தலையைத் தொங்கப் போட்டுவிடும்.

அப்பாயி அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்: கண்ணேறு. ஓர் ஆண்டு, பக்கத்து வீட்டு அக்காள், "அடேயப்பா, எவ்வளவு காய் பிடித்திருக்கிறது!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே செடிகள் வாடின. அன்றிலிருந்து இரு வீட்டாருக்கும் பேச்சு இல்லை. ஒரே சுவரின் இரு பக்கமும் வாழ்ந்துகொண்டு, பல ஆண்டுகள் பேசாமலே இருந்தார்கள்.

இதைச் சிறிய விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். விடிகாலையில் மழை வந்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை; வெட்டு இல்லையென்றால் கூலியும் குறையும். அந்த நாட்களில் கொல்லையில் கிடைக்கும் காய்தான் குழம்புக்கு. ஆனால் மரம் வெட்ட விடாத அதே மழைதான் கொல்லையையும் அழித்தது. கையில் காசு குறையும் மாதத்தில் செடியிலும் காய் இருக்காது. எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை என்றால் கருவாடும் ரசமும்தான்.

அப்படியானால் பழமொழி பொய்யா? இல்லை. அது வேறொரு வானத்தைப் பார்த்துச் சொன்னது.

தமிழ்நாட்டை எண்ணிப் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பங்கு மேற்கு மலைத்தொடரைத் தாண்டுவதில்லை. அந்த மலையில் பெய்த மழையால் ஆடியில் காவிரி பெருகும். அதைத்தான் ஆடிப்பெருக்கு என்று கொண்டாடுகிறோம். ஆவணி, புரட்டாசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இடிமழை விழும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டும். தை பிறந்தால் வானம் வெளுத்துவிடும். மாநிலம் முழுவதற்குமான ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்வதே. ஆகவே ஆடியில் விதைத்தால், வேர் பிடித்த செடிக்கு மழை கிடைக்கும். அது விளைந்து முற்றும்போது வெயில் கிடைக்கும். இதைவிடப் பொருத்தமான பட்டம் அந்த மண்ணுக்கு இல்லை.

நம் நாட்டில் கதை வேறு. இங்கே பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதாவது அங்கே பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில், தென்மேற்குக் கடலோரம் ஒன்றைத் தவிர்த்து, இந்த மழை ஆண்டுக்கு இருமுறை உச்சத்துக்குப் போகிறது. முதலாவது ஏப்ரல், மே. இரண்டாவது, இன்னும் கடுமையானது, அக்டோபர், நவம்பர். இவற்றுக்கு இடையே ஜூன், ஜூலையில் ஓர் இடைவெளியும், பிப்ரவரி வாக்கில் மற்றோர் இடைவெளியும் உண்டு. இடைவெளி என்றால் மழையே இராது என்று பொருளல்ல, குறையும், அவ்வளவுதான்.

இப்போது அப்பாயியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆகஸ்டுத் தொடக்கத்தில் விதைத்த மிளகாய், நாற்றாகி நடவுக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நட்டு ஐந்தாறு வாரத்தில் பூக்கும். அது அக்டோபர். பூ மலரும் நேரமும், பிஞ்சு திரளும் நேரமும், ஆண்டின் மிகக் கனத்த மழையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பக்கத்து வீட்டு அக்காள் வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்தச் செடி தப்பியிருக்காது.

அதே மிளகாயைப் பங்குனியில் ஒரு தகரக் கூரையின் ஓரத்தில், மழை நேரே விழாத ஆனால் வெளிச்சம் படும் இடத்தில், பொலிபேக்கில் நாற்றாக வளர்த்துப் பாருங்கள். சித்திரைக் கடைசியில் நடுங்கள். மே மாத மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். ஜூன் வாக்கில் மழை தணியும்போது பூக்கும். ஜூலைக் கடைசியில் முதல் பறிப்பு. அதாவது மேற்குப் பக்கத்துத் தோட்டங்களில் ஆடி என்பது மிளகாய் விதைக்கும் மாதமல்ல, பறிக்கும் மாதம். இரண்டாம் முறை நட விரும்புவோர், அக்டோபர் மழையில் நாற்றைக் கூரைக்கடியில் வைத்துக் காப்பாற்றி, நவம்பர் கடைசியில் வெளியே நடலாம். பிப்ரவரியில் பறிக்கலாம், அப்போது தண்ணீர் மட்டும் நாம் ஊற்ற வேண்டியிருக்கும். கத்தரிக்கும் இதே கணக்கு ஓரளவு பொருந்தும். கீரை, காங்கோங் போன்றவை மூன்று நான்கு வாரத்தில் அறுவடையாகிவிடுவதால் அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

அடுத்து, பாத்தி. இதில்தான் நாம் அறியாமலே ஒரு பெரும் தவறு செய்துவருகிறோம். தமிழ்நாட்டில் பாத்தி என்றால் நான்கு பக்கமும் வரப்புக் கட்டி, நடுவே பள்ளமாக இருக்கும். அங்கே தண்ணீரைப் பிடித்துவைக்க வேண்டும். நம் முன்னோர் அந்தப் பழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் சில வீடுகளின் கொல்லையில் பள்ளப் பாத்தியைப் பார்க்கிறேன். இங்கே நமக்கு வேண்டியது தண்ணீரை வழியனுப்பிவைக்கும் பாத்தி. சுற்றிலும் கால்வாய் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் போட்டு, ஒரு முழ உயரத்துக்காவது மேடாக்குங்கள். சீனர்களின் காய்கறித் தோட்டத்தைத் தாண்டிப் போகும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு பாத்திகூடப் பள்ளமாக இராது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்தியின்மேல் ஒரே மாலையில் 60 மில்லிமீட்டர் பெய்தால், 180 லிட்டர். மண்ணெண்ணெய் டின்னால் பத்து டின் தண்ணீரை அந்தச் சின்னப் பாத்தியில் ஊற்றியதற்குச் சமம். பள்ளப் பாத்தியில் அது போக வழியில்லை. வேருக்குக் காற்று கிடைக்காது. போட்ட கோழி எருவின் சத்தும் கரைந்து அடிமண்ணுக்குப் போய்விடும். நம் மண் இயல்பாகவே புளிப்பு அதிகமுள்ள மண். ஓயாத மழை அதை மேலும் புளிப்பாக்குகிறது. விறகடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் சாம்பலைக் குப்பையில் கொட்டாமல் பாத்தியில் சிறிது சிறிதாகத் தூவினால் அந்தப் புளிப்பு தணியும்.

மழை எவ்வளவு என்பதைப் போலவே, எப்போது என்பதும் முக்கியம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் அல்லது மாலையில் வரும். நனைந்த இலை இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். பூசணத்துக்கு அதைவிட விருந்து வேறில்லை. மிளகாய்ப் பழத்தில் வட்ட வட்டமாகக் குழி விழுந்து கறுத்து அழுகுவது இப்படிப்பட்ட ஒரு பூசணத்தால்தான். மண்ணில் அடிக்கும் மழைத்துளி சேற்றைத் தெறிக்கவைத்து, அந்தக் கிருமிகளைக் கீழ் இலைகளில் கொண்டுபோய் ஒட்டுகிறது. ஆகையால் செடிகளுக்கு இடையே காற்றோட விட்டு நடுங்கள். காய்ந்த லாலாங்கை வேரும் பூவும் இல்லாமல் அறுத்து மண்ணின்மேல் பரப்புங்கள். நாமாகத் தண்ணீர் ஊற்றும் நாட்களில் காலையில் வேரடியில் ஊற்றுங்கள். வேலை முடிந்து மாலையில் ஊற்றுவதே வசதி என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாலையில் இலைமேல் ஊற்றும் தண்ணீர் நோய்க்கு ஊற்றும் தண்ணீர்.

இனி அந்தக் கண்ணேறு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதுதான் அதன் உண்மைப் பெயரை அறிந்தேன். அது வாடல் நோய். மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியா, வேரின் வழியே நுழைந்து, தண்டில் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும்போது அது பெருகும். மழைநீர் ஓடும் வழியே பாத்திக்குப் பாத்தி பரவும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வாடிய செடியின் தண்டை அடிப்பக்கத்தில் குறுக்கே அறுத்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டிய முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளைப் புகைபோல் ஓர் இழை நீரில் இறங்கினால், அதுதான் இந்த நோய்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை அந்தப் பக்கத்து வீட்டு அக்காளுக்குச் செய்து காட்டினேன். அப்பாயி அதற்குள் காலமாகிவிட்டார். அக்காள் குவளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதற்காகவா என்னோடு பேசாமல் போனாள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இந்த நோய்க்கு மருந்து அடித்துப் பயனில்லை. வாடிய செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். அந்த இடத்தில் மறுபடி கத்தரி, மிளகாய், தக்காளி எதையும் நடக்கூடாது. மூன்றும் ஒரே குடும்பம். பயற்றங்காய், வெண்டை, சோளம் போடலாம். நிலம் வேறு இல்லாதவர்கள் சுண்டைச் செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டிப் பார்க்கலாம். சுண்டை வேர் இந்தக் கிருமியை எளிதில் உள்ளே விடுவதில்லை. மாணவர்களோடு செய்து பார்த்தேன். முதல் முறை எல்லா ஒட்டும் காய்ந்துபோயின. இரண்டாம் முறை சில பிழைத்தன. பொறுமை வேண்டும்.

வறண்ட வாரங்களில் தொல்லை இல்லை என்று சொல்ல மாட்டேன். அசுவினியும் இலைப்பேனும் அப்போதுதான் வரும்; மிளகாய் இலை சுருளும். ஆனால் அவற்றைக் கண்ணால் பார்க்கலாம், நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். சில மரங்களுக்கோ வறட்சி வேண்டியே இருக்கிறது. நம் பக்கத்து முருங்கை இலையாகத் தழைத்துக் காய்க்காமல் நிற்பதற்கு ஓயாத மழை ஒரு காரணம். பெர்லிஸில் ஜனவரி, பிப்ரவரி நன்றாக வறண்டுவிடும். ஹருமானிஸ் மாம்பழம் அங்கே பேர்பெற்று விளங்க அந்த வறட்சியும் காரணம்.

மழையைத் தவிர, பகலின் நீளமும் சில பயிர்களை ஆள்கிறது. திருச்சியில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேர வேறுபாடு உண்டு. அங்கே பழைய அவரை வகைகள் பகல் சுருங்கிய பிறகே பூக்கும். கோலாலம்பூரில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 20 நிமிடந்தான். அதைச் செடி உணருமா என்று கேட்பீர்கள். மலாக்காவில் சியாம் 29 என்ற பழைய நெல்லை வைத்துச் செய்த ஆய்வு 1959-இல் வெளியானது. ஜனவரியில் விதைத்த நெல் விளைய 329 நாளும், செப்டம்பரில் விதைத்தது 161 நாளும் எடுத்துக்கொண்டன. அங்கே பகல் நீள வேறுபாடு 14 நிமிடமே! இப்படிப் பகலைப் பார்த்துக் காத்திராத மசூரி நெல் 1965-இல் இங்கே வெளியிடப்பட்டது. அதே மசூரிதான் தமிழ்நாட்டுக்குப் போய்ப் பொன்னி என்று பெயர் பெற்றது. அங்கிருந்து விதை இங்கே வந்ததைத்தான் நாம் பேசுகிறோம். இங்கிருந்து அங்கே போனதும் உண்டு. என்றாலும் ஊருக்குப் போய்வருவோர் அனுமதியின்றி விதையை மடியில் முடிந்து கொண்டுவருவது சட்டப்படி குற்றம். இந்த மண்ணில் நன்றாகக் காய்த்த செடியிலிருந்தே விதை எடுத்து வையுங்கள்.

கிழக்குக் கரையில் வாழும் நேயர்கள் நான் சொன்ன மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளந்தான், திரெங்கானு, பகாங் கடலோரத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை. 2014 டிசம்பர் வெள்ளத்தைக் கிளந்தானில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே மழை ஓய்ந்த பின் பிப்ரவரியில் நடுவதே நல்லது.

மேற்கிலும் கணக்கு தவறும் ஆண்டுகள் உண்டு. 2021 டிசம்பரில் சிலாங்கூரைச் சூழ்ந்த வெள்ளம் எந்தப் பட்டியலுக்கும் அடங்கியதல்ல. அதனால்தான் என் மாணவர்களிடம் மாதத்தை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்கிறேன். பக்கவாட்டு நேராக உள்ள பால் டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை ஏழு மணிக்கு அடிக்கோலால் நீரை அளந்து, நாட்காட்டியில் குறித்துவிட்டு டின்னைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அடிக்கோலின் ஓரத்தில் எண் தொடங்குமுன் இருக்கும் வெற்றிடத்தைக் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். முதல் மாதம் முழுவதும் நாங்கள் மறந்துவிட்டோம். உங்கள் பிள்ளைகளையும் இன்றே தொடங்கச் சொல்லுங்கள்.