தண்ணீர் கூடினால் வலு குறையும்

தகவல் துளி!

எண்ணூரில் பாஸ்பேட் உரம் தயாரிக்கும்போது துணைப்பொருளாகக் கிடைப்பது ஜிப்சம். அதைச் சுத்திகரித்து, சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால், உள்ளிருக்கும் நீரில் முக்கால் பங்கு வெளியேறும். சுவருக்குப் பூசும் மாவு தயார்.

100 கிலோ மாவு மறுபடி இறுகிக் கல்லாக, ஏறத்தாழ 19 லிட்டர் தண்ணீரே போதும். குழைத்துப் பூச வசதியாக இருக்கட்டுமென்று பல மடங்கு ஊற்றுகிறோம். மிச்சத் தண்ணீர் காயும்போது நுண்துளைகள் விழும், பூச்சு வலுவிழக்கும்.

ஆகவே, பாண்டில் முதலில் அளந்த தண்ணீர். அதன்மேல் மாவைத் தூவிக் கலக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விடக் கூடாது. சிமென்ட் பூச்சுபோல் நாள்கணக்கில் நனைக்கவும் வேண்டாம்.

ராயபுரம், திருவொற்றியூர் நேயர்களே, கடற்காற்றும் மழையும் படும் வெளிச்சுவருக்கும் குளியலறைக்கும் ஜிப்சம் பூச்சு ஆகாது!