பழவேற்காட்டு வானில் பறக்க ஒரு விசிறி

பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வழி அடைபடுவது லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் போன்ற மீனவ ஊர்களின் நெடுநாள் கவலையாகும். மணல்மேட்டின் போக்கை வானிலிருந்து படமெடுத்துக் காண, நான்கு விசிறிகள் கொண்ட ட்ரோன் ஒன்று உதவக்கூடும். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்ஷா’ மாணவர் குழு 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. இத்தகைய கருவியை மாணவர்களாலும் உருவாக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. எனினும், வீட்டில் செய்யப்படும் ட்ரோனில் பலரும் போதிய கவனம் செலுத்தாத பாகம் விசிறியே ஆகும்.

விசிறியின்மீது 1045 என்பதுபோன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதில் 10 என்பது அங்குலக் கணக்கில் அதன் விட்டம். 45 என்பது 4.5 அங்குலப் ‘பிட்ச்’, அதாவது மரத்தில் முடுக்கப்படும் திருகாணியைப் போல, விசிறி ஒரு சுற்றில் கோட்பாட்டளவில் முன்னேறும் தூரம். ஒரே வடிவமுள்ள விசிறிகள் ஒரே வேகத்தில் சுழலும்போது, உந்துவிசை விட்டத்தின் நான்காம் அடுக்கிலும், அதற்கு வேண்டிய திறன் ஐந்தாம் அடுக்கிலும் மாறுகின்றன. ஆகையால், 9 அங்குல விசிறிக்குப் பதிலாக 10 அங்குல விசிறியைப் பொருத்தினால் உந்துவிசை ஏறத்தாழ 52 விழுக்காடு கூடும்போது, மோட்டாரின் சுமை ஏறத்தாழ 69 விழுக்காடு கூடிவிடும். மோட்டார் அதைத் தாங்காவிடில் அது சூடேறிக் கருகும். விட்டத்தைக் குறைக்க வேண்டுமாயின், இரு இதழ்களையும் சரிசமமாக வெட்டித் தேய்க்க வேண்டும்.

பொருத்துதலிலும் இதே கண்டிப்பு வேண்டும். விசிறியின் நடுத்துளை மோட்டார் தண்டைவிடப் பெரிதாயிருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையத்தை இடலாம். சிறிதாயிருந்தால், மையம் விலகாதபடி துளையைச் சிறிது சிறிதாக அகலப்படுத்த வேண்டும். மையம் விலகினாலோ, ஓர் இதழ் கனத்திருந்தாலோ எழும் அதிர்வு, சாய்வை உணரும் கருவிகளைக் குழப்பிவிடும். கனம் குறைந்த இதழில் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டிச் சமன்செய்வது எளிய வழி. இரண்டு விசிறிகள் வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழன்றால்தான், ட்ரோன் தன்னைத்தானே சுற்றாமல் நிலைத்து நிற்கும்.

கடற்காற்று பலமாக வீசும் பழவேற்காட்டில், மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி மின்கலத்தை மிச்சப்படுத்தினாலும், வேகம் விரைவாக மாறும் சிறிய விசிறி காற்றின் திடீர்த் தள்ளலை நன்கு சமாளிக்கும். உப்பு ஈரம் மோட்டார் தாங்கிகளைத் துருப்பிடிக்கச் செய்வதால், பறந்தபின் துடைத்து உலர்த்துவது அவசியம். ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையமும் பறவைகள் சரணாலயமும் அருகிலிருப்பதால், 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளில் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என வகுக்கப்பட்டிருப்பதை அறிந்து, வேண்டிய அனுமதியைப் பெற்ற பின்னரே இங்கு பறக்கவிட வேண்டும். விட்டம், எடை, காற்று, சட்டம் ஆகிய நான்கையும் முன்கூட்டியே கணக்கிடுபவருக்கே, முகத்துவாரத்தின் மாற்றத்தை ஊருக்குக் காட்டும் படங்கள் கிடைக்கும்.