சாரல் காலத் தும்மலா? தலையணையைக் கொஞ்சம் கவனியுங்க!

காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகப் பத்துத் தும்மல். மூக்கில் நமைச்சல், கண்ணில் அரிப்பு. பத்து மணி ஆனதும் எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. "குற்றாலத்துல சாரல் விழுந்துட்டுல்லா, அந்தக் குளிர்ச்சிதான்" என்று வீட்டில் சொல்வார்கள். நாமும் ஆவி பிடித்து, தைலம் தடவி நாளைக் கடத்திவிடுவோம்.

சிவகிரி, வாசுதேவநல்லூர், தென்காசி என மலையடிவாரத்தில் இருக்கும் பல வீடுகளில் இது பழகிப்போன காட்சி. எல்லாத் தும்மலுக்கும் குளிர் மட்டுமே காரணம் இல்லை. சளிக்காய்ச்சல் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். வாரக்கணக்கில் காய்ச்சலே இல்லாமல், படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் மட்டும் தொல்லை வருகிறதா? அப்படியென்றால் உங்கள் மெத்தையில் இருக்கும் தூசுப்பூச்சியையும் சந்தேகப்படுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

'டஸ்ட் மைட்' எனப்படும் தூசுப்பூச்சி எட்டுக் கால் கொண்டது. சிலந்தி, உண்ணி வகைகளுக்குச் சொந்தம். நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மூட்டைப்பூச்சி போல இது கடிப்பதில்லை, ரத்தமும் குடிப்பதில்லை. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் துகள்தான் இதன் சாப்பாடு. தலையணை, மெத்தை, போர்வை, சோபா, துணிப் பொம்மை எல்லாம் இதன் வீடு.

தொல்லை தருவது பெரும்பாலும் இதன் கழிவுதான். படுக்கையை உதறும்போது அந்தக் கழிவு தூசியோடு கிளம்பி மூச்சில் போகிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உடனே தும்மல், மூக்கடைப்பு. சிலருக்கு இளைப்பு, சிலருக்குத் தோல் அரிப்பு. வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் இந்தப் பூச்சிதான் என்பதை 1964-ல் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். செய்திகளில் வரும் 'ஸ்க்ரப் டைபஸ்' எனும் உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது புதர்களில் வாழும் வேறு வகைப் பூச்சி. வீட்டுத் தூசுப்பூச்சியால் அந்தக் காய்ச்சல் வராது.

இதன் பலவீனம் எது?

தூசுப்பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வறண்டு செத்துப்போகும்.

சாரல் காலத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலை அடைத்துவிடுகிறோம். ஈரத் துணியைப் படுக்கிற அறையிலேயே கொடி கட்டிக் காயப் போடுகிறோம். மெத்தையை வெயிலில் போடவே முடிவதில்லை. பூச்சி பெருகுவதற்கு இதைவிட வசதி வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் இதே நிலைதான்.

உங்கள் கையில் இருக்கும் செல்போனே இதற்கு உதவும். வானிலை செயலியில் 'ஈரப்பதம்' என்று ஒரு சதவீதம் காட்டும். வழக்கமாக விடியற்காலையில் அது அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். எண் குறையும் நேரம் பார்த்து எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வெயில் தலை காட்டினால் முதல் வேலையாகத் தலையணையை மாடிக்கு ஏற்றுங்கள்.

செய்ய வேண்டியவை

• தலையணை உறை, விரிப்பு, போர்வை: வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டு நீரில் துவையுங்கள். கொதித்த நீரும் குழாய் நீரும் சம அளவு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். துணியை அமுக்கி, மூடி, அரை மணி நேரம் ஊற வையுங்கள். சாயம் போகும் துணி என்றால் தனியாகப் போடுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடு பண்ண வழியில்லையா? பச்சைத் தண்ணீரில் அலசினாலும் கழிவில் பெரும்பகுதி போய்விடும், பூச்சிதான் முழுக்கச் சாகாது.

• இலவம்பஞ்சு மெத்தை, தலையணை: துவைக்க முடியாது. நல்ல வெயிலில் சில மணி நேரம் இரண்டு பக்கமும் காயவிட்டு, வெளியிலேயே வைத்துத் தட்டுங்கள். தட்டுபவர் முகக்கவசம் போட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஜிப் வைத்த, நெருக்கமாக நெய்த உறை போட்டால் இன்னும் நல்லது.

• துணிப் பொம்மை: பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் 24 மணி நேரம் வைத்து, பிறகு அலசிக் காய வையுங்கள்.

• தரை, மின்விசிறி, அலமாரி: உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

• ஈரத் துணி: தார்சாவிலோ காற்றோட்டமான வேறு இடத்திலோ காயட்டும். படுக்கை அறை வேண்டாம்.

• கோரைப்பாய்: பாயில் படுப்பவர்களுக்கு வேலை குறைவு. மெத்தைபோல உள்ளே புகுந்து தங்க அதில் இடம் கம்மி. துடைத்து வெயிலில் காட்டினால் போதும்.

இவற்றில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு "ஒண்ணும் கேக்கலையே" என்று விட்டுவிடாதீர்கள். பூச்சியை அடியோடு ஒழிப்பது நம் ஊர்த் தட்பவெப்பத்தில் நடக்காது. எல்லாவற்றையும் சேர்த்து, விடாமல் செய்தால் அளவைக் குறைக்கலாம்.

செய்யக் கூடாதவை

பூச்சி மருந்தைப் படுக்கையில் அடிக்காதீர்கள். இளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் சாம்பிராணி, வேப்பிலைப் புகை, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். புகை மூச்சுக்குழாயை மேலும் சுருக்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

குழந்தை ராத்திரி தூங்காமல் இருமினாலோ, நெஞ்சில் 'கீச் கீச்' சத்தம் வந்தாலோ 'சளிக்கட்டு' என்று தள்ளிப்போடாதீர்கள். அது ஆஸ்துமாவாக இருக்கலாம். பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். சிகிச்சையும் மருந்தும் இலவசம். "இன்ஹேலர் போட்டா பழகிடும்" என்ற பயம் வேண்டாம். அது போதைப் பொருள் அல்ல. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் மிகக் குறைந்த அளவே போதும். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

• மருத்துவ ஆலோசனைக்கு: 104
• வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச: இ-சஞ்சீவனி செயலி, கட்டணம் இல்லை
• பேச முடியாத அளவு மூச்சுத்திணறல், விலா உள்வாங்குதல், உதடு நீலமாதல்: தாமதிக்காமல் 108

இன்று ராத்திரி படுக்கும் முன் தலையணை உறையைக் கழற்றிப் பாருங்கள். கடைசியாக எப்போது துவைத்தோம் என்று நினைவுக்கு வரவில்லையா? நாளைக் காலை வேலையை அங்கிருந்தே தொடங்குங்கள்.