இருக்கிற இடமே தெரியாத பிள்ளைகள்

பொறியியல் கலந்தாய்வு முடிந்து முதலாண்டு வகுப்புகள் சூடுபிடிக்கும்போது விடுதிகளில் ஒருவிதக் காய்ச்சல் பரவும். தெர்மாமீட்டரில் அது ஏறாது. மறுநாள் செமினார் இருக்கும், அவ்வளவுதான். வருகைப்பதிவேட்டு வரிசையில் ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பத்து நிமிடம் பேச வேண்டும். யாருக்கோ வயிற்றுவலி வரும். எப்போதோ இறந்துபோன பாட்டி ஒருவர் விடுப்புக் கடிதத்தில் மறுபடி இறப்பார். பெரும்பாலோருக்கு இது இரண்டாவது செமினாரோடு தெளிந்துவிடும். தெளியாத சிலரைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

வீட்டில் இவர்களுக்கு நல்ல பெயர். “எங்க பையன் வாயில்லாப் பூச்சி சார், இருக்கிற இடமே தெரியாது” என்று அப்பா பெருமையாகச் சொல்லியிருப்பார். பெண்பிள்ளை என்றால் ‘அடக்கமான பொண்ணு’ என்ற பட்டமும் சேரும். கல்யாண வீட்டில் பந்திக்கு வராமல் மாடியிலேயே உட்கார்ந்திருந்தது, கடைக்கு அனுப்பினால் தம்பியைத் தள்ளிவிட்டது எல்லாம் சுபாவக் கணக்கில் போய்விடும். பள்ளியிலும் யார் கண்ணிலும் படாது. பிளஸ் டூவில் 600-க்கு 550 வாங்க எழுதத் தெரிந்தால் போதும். வாய் திறக்க வேண்டியதில்லை.

கல்லூரியில் எல்லாமே வாய். வைவா, செமினார், குரூப் டிஸ்கஷன், கடைசியில் எச்.ஆர். ரவுண்டு. அங்கே இந்தப் பிள்ளை உறைந்து நிற்கும்போது துறையில் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: “கம்யூனிகேஷன் வீக். ஸ்போக்கன் இங்கிலீஷ் சேரு தம்பி.” என் பெரிய கவலையே இந்த மருந்துதான்.

தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் ஆங்கிலம் மட்டுமே தடை என்றால், அவன் தன் ஊர்ப் பையன்களோடு தமிழில் வெளுத்து வாங்குவான். ரேஷன் கடையில் எடை குறைந்தால் கேட்பான். மீதிச் சில்லறை கேட்கக் கூசி நாலு ரூபாயைக் கண்டக்டரிடமே விட்டுவிட்டு இறங்குகிறவனுக்கு இலக்கணப் பாடம் எந்த விதத்தில் உதவும்? அவன் பயப்படுவது வார்த்தைக்கு அல்ல, தன்னைப் பார்க்கிற கண்களுக்கு. அவனை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கூட்டிப்போய் முப்பது புதுமுகங்களுக்கு நடுவே நிறுத்தி, ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்கிறோம். அங்கேயும் உறைகிறான். இதுவரை ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று நினைத்திருந்தவன், இனி ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று முடிவுகட்டுகிறான். மனச்சோர்வு உள்ளே வருகிற வாசல் இதுதான்.

பிறர் பார்வைக்கு அஞ்சும் இந்தப் பயத்துக்குச் சமூகப் பதற்றம் என்று பெயர். அது உள்ளவரின் கவனம் பேசும்போது எதிரில் இருப்பவர்மேல் இருக்காது. குரல் நடுங்குகிறதா, முகம் வியர்க்கிறதா என்று தன்னையே வேவு பார்த்துக்கொண்டிருக்கும். தப்பிக்கச் சில உபாயங்களும் கைவசம் உண்டு: வாக்கியத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, கடைசி பெஞ்ச், போனைக் குனிந்து பார்ப்பது. பாதிப்பு அதோடு நிற்பதில்லை. இரவு விளக்கணைத்த பிறகு அன்றைய காட்சி மறுஒளிபரப்பாகும். ‘அந்தப் பொண்ணு சிரிச்சது என்னைப் பார்த்துதானோ?’ ஒவ்வொரு ஓட்டத்திலும் அவமானம் கொஞ்சம் பெரிதாகும். காலையில் இன்னும் ஓரிடத்துக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். கேன்டீன், கல்ச்சுரல்ஸ், நண்பன் வீட்டுப் பொங்கல் என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டால், மனதுக்குத் தெம்பு தருகிற எதுவும் நாளடைவில் மிஞ்சுவதில்லை. தைரியத்துக்கு என்று குடியில் இறங்குகிறவர்களும் உண்டு. அது தனிக் கதை.

ஜெர்மனியின் மியூனிக் பகுதியில் 14 முதல் 24 வயது வரையிலான 3,021 பேரைப் பத்தாண்டு வரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. சமூகப் பதற்றம் பெரும்பாலும் பதின்பருவத் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிடுகிறது; அது உள்ளவர்களுக்குப் பின்னால் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை என்றது அந்த ஆய்வு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், எது முந்தி என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று வாதிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். எட்டாம் வகுப்பில் வந்த ஒன்றை இருபது வயதுவரை யாரும் கேட்கவில்லை என்பது எந்த வாதத்தாலும் மாறப்போவதில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பதற்றம் மட்டும் உள்ள பிள்ளைக்கு டூர் போக ஆசை இருக்கும், பயம் தடுக்கும். மனச்சோர்வு சேர்ந்துவிட்டால் ஆசையே போய்விடும். ‘பயமா இருக்கு’ என்றவன் ‘பிடிக்கலை’ என்கிறான். முன்பு தனியாக இருந்தாலும் கிரிக்கெட் பார்த்தவன் இப்போது அதையும் பார்ப்பதில்லை. தூக்கமும் சாப்பாடும் தாறுமாறாகின்றன. வீட்டிலோ, “இப்பல்லாம் டென்ஷனே இல்லாம அமைதியா இருக்கான்” என்று நிம்மதி அடைகிறார்கள்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகளில் சில சமூகப் பதற்றத்துக்கும் கேட்கும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதைவிட முக்கியம், எண்ணங்களையும் தவிர்ப்புகளையும் படிப்படியாக மாற்றுகிற சிபிடி என்ற பேச்சு சிகிச்சை. கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவது, வகுப்பில் வேண்டுமென்றே ஓர் அசட்டுக் கேள்வி கேட்பது போன்றவைதான் அதில் வீட்டுப்பாடம். சோர்வை மட்டும் சரிசெய்து பதற்றத்தை அப்படியே விட்டால், அடுத்த இன்டர்வியூவில் சோர்வு திரும்பி வரும்.

சிக்கல் என்னவென்றால், உதவி கேட்கவும் வாய் திறக்க வேண்டும். தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சிகிச்சை பெறவில்லை. அரசின் 14416 மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆலோசகர் இருக்கிறார், தமிழிலும் பேசலாம். ஆனால் போன் ரிங்கானாலே நெஞ்சு படபடக்கிறவன் தானாக அந்த எண்ணை அழுத்துவானா? அம்மாவோ அறைத்தோழனோ அழுத்திக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கல்லூரிகளிடம் கேட்பது பெரிய செலவில்லாத ஒன்று. முதல் செமினாரை அறுபது பேர் முன்னால் வைக்காதீர்கள். ஆசிரியரும் இரண்டு நண்பர்களும் உள்ள ஸ்டாஃப் ரூமில் தொடங்கட்டும், தமிழிலேயே பேசட்டும். அடுத்தது பத்துப் பேர் முன்னால். வகுப்பு முழுக்க உட்கார்ந்து கேட்பதை இரண்டாம் செமஸ்டருக்குத் தள்ளிவையுங்கள். முதல் இரண்டுக்கும் இன்டர்னல் மார்க் போடாதீர்கள்.