ஐந்து பேர் போதும்

சீனன்குடாவில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். "பந்தும் கையுமாய்த் திரிகிறான், படிப்பு என்னவாகுமோ?" என்று தாயார் முறையிட்டார். கூடைப்பந்தாட்டத்தால் அமெரிக்கச் சர்வகலாசாலைக்கே போகலாமென்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்களாம்.

இது வெறும் பகற்கனவன்று, கைக்கெட்டிய கனியுமன்று. அந்நாட்டிலே கல்லூரி விளையாட்டுக்களின் அரசன் உதைபந்தாட்டம். நம் பையன்கள் உதைக்கும் ஆட்டமல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, ஒருவரையொருவர் மோதி வீழ்த்துவது. (அதற்கு ஏன் அந்தப் பெயரென்று நம்மைக் கேட்கவேண்டாம்!) அதற்கு ஒரு சேனையே வேண்டும், பெரிய அரங்கும் வேண்டும். கூடைப்பந்தாட்டத்துக்கோ களத்தில் ஐவர், மாற்றுக்குச் சிலர். ஆகவே பெரும் பொருள் இல்லாத கல்லூரிகள் பல, குறிப்பாகக் கத்தோலிக்கக் கல்லூரிகள், இதனையே பற்றிக்கொண்டன.

யேசுசபையாரின் சான் பிரான்சிஸ்கோ சர்வகலாசாலையைப் பாருங்கள். அதன் உதைபந்தாட்ட அணி 1951இல் ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. கறுப்பின வீரர் இருவரை விட்டுவிட்டு வந்தால் பெரும் போட்டியொன்றில் ஆடலாமென்றார்கள், தோழர்கள் மறுத்துவிட்டனர். பணமுடையால் அத்துடன் அணியே கலைந்தது. அதே சர்வகலாசாலைதான் ஓக்லந்து நகரத்து ஏழை வாலிபர் பில் ரசலை அழைத்தது. வேறெந்தக் கல்லூரியும் அவருக்கு உபகாரச் சம்பளம் தர முன்வரவில்லை. 1955இலும் 1956இலும் அவருடைய அணி நாட்டிலேயே முதலாவதாக வந்தது!

கொன்சாகா 1941இல் உதைபந்தாட்டத்தைக் கைவிட்டது. 2017இலும் 2021இலும் கூடைப்பந்தாட்ட இறுதிப் போட்டிவரை சென்றது. ஆட்டக்காரரைத் தேடிக் கடல் கடந்து செல்வது அதன் வழக்கம். ஜப்பானிய வாலிபர் ருய் ஹச்சிமுரா 2016இல் அங்கு சேர்ந்து, 2019இல் தொழில்முறை அணிக்குத் தெரிவானார்.

2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கலாம்; முதலாண்டில் ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடி டொலர் வரை. பெரிய கல்லூரிகளில் அதன் பெரும்பங்கை உதைபந்தாட்டம் விழுங்கிவிடும். அது இல்லாதவை தம்மிடமுள்ளதைக் கூடைப்பந்தாட்டத்துக்கே செலவிடலாம்.

யேசுசபையாரின் இந்த ஆர்வம் கிழக்கு மாகாணத்துக்குப் புதிதன்று. அமெரிக்கரான யூஜின் ஹேபியர் அடிகளார் 1948இல் இங்கு வந்து, திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். மிக்கேல் கல்லூரி மாணவருக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கிப் புகழ் தேடிக்கொடுத்தார். 1990 ஆகஸ்டு 15ஆந் திகதி, யுத்த நாளிலே, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்து சேரவேயில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாயார், "கால் முறிந்தால் படிப்பும் போகுமோ?" என்றார். நாம் சற்றுத் திகைத்தோம். 1973 முதல் நெடுங்காலம் உபகாரச் சம்பளம் ஓராண்டுக்கே வழங்கப்பட்டதையும், 2012 முதல் பல்லாண்டுக்குச் சேர்த்துத் தர இடமுண்டென்பதையும், எத்தனை ஆண்டு என்று கடிதத்தில் எழுதியிருப்பதைக் கவனிக்கவேண்டுமென்பதையும் கூறினோம்.

"அப்படியொரு கடிதம் வந்தால் முதலில் என்னிடம் தரச் சொல்லுங்கோ" என்றார் அவர். பையன் பந்தை எடுத்துக்கொண்டு, நிலையில் தலை குனிந்து, வெளியே போய்விட்டான்.