சந்திரமுகியா, நாகவல்லியா? பாகாலாவில் தீராத வழக்கு

பாகாலா ஜங்ஷன் வாசலில் உள்ள டீக்கடைப் பெஞ்சுக்கு ஒரு பழைய வழக்கு மறுபடியும் வந்து சேர்ந்திருக்கிறது. வாதி, ஓய்வு பெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர். பிரதிவாதி, அவருடைய அக்காள் மகன். திருப்பதியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். ரஜினிகாந்த் நடித்த "சந்திரமுகி" படத்தைப் பார்த்தவர்கள் பேய்ப் படம் பார்த்தவர்களா, இல்லையா என்பதுதான் வழக்கு.

"மாமா, நீங்க பார்த்தது நகல். அசல் மலையாளத்திலே இருக்குது" என்பது மருமகன் கட்சி.

"அசலோ நகலோ, ரஜினி இல்லாத படத்தை நான் எதுக்குடா பார்க்கணும்?" என்பது மாமா கட்சி.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி "மணிச்சித்திரத்தாழு" என்ற அந்த மலையாளப் படத்தைப் புதுப்பித்து மீண்டும் தியேட்டர்களில் வெளியிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் இருந்து மருமகன் விடவில்லை. ஒரு நாள் படத்தைத் தன் கைப்பேசியிலேயே மாமாவுக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் பெஞ்சில் நடந்த வாதங்களைக் கவனிக்கலாம்.

ஒரு கதையை இரண்டு பாஷையில் பார்த்து ஒப்பிடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. காட்பாடி - திருப்பதி ரெயில் பாதையில் தர்மாவரம் பாதை பிரியும் இடம் பாகாலா. மீட்டர்கேஜ் காலத்தில் இருந்தே ரெயில்வே வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்கள் இங்கே உண்டு. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தில் இருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு ஊர் கை மாறியது. ஆனாலும் படம் பார்க்க சித்தூருக்குப் போவதா, திருப்பதிக்குப் போவதா என்ற குழப்பம் மட்டும் மாறவில்லை.

இந்தியில் 1964-ல் வந்த "வோ கௌன் தீ" என்ற ஆவி மர்மப் படம் 1966-ல் தமிழில் "யார் நீ" என்றும், தெலுங்கில் "ஆமெ எவரு" என்றும் எடுக்கப்பட்டது. இரண்டிலும் வெள்ளைப் புடவையில் வந்தவர் ஜெயலலிதாதான். தமிழில் கதாநாயகன் ஜெய்சங்கர், தெலுங்கில் ஜக்கய்யா. இரண்டையும் பார்த்தவர்கள் எது பெரிது என்று சண்டை போட வழி இருந்தது. பிறகு "நாட்டாமை"யா, "பெதராயுடு"வா என்று ஒரு சண்டை. அந்த வரிசையில் இப்போது இது.

பூட்டிய அறை

"மணிச்சித்திரத்தாழு" 1993 டிசம்பரில் வெளிவந்தது. டைரக்டர் பாசில். கதை எழுதியவர் மது முட்டம். பாசிலுக்குத் துணையாகப் பிரியதர்ஷன், சிபி மலயில், சித்திக் - லால் ஆகியோரும் சில பகுதிகளைப் படமாக்கிக் கொடுத்தார்கள்.

நகுலன் (சுரேஷ்கோபி) தன் மனைவி கங்காவோடு (ஷோபனா) பழைய குடும்ப வீட்டுக்குக் குடி வருகிறான். அங்கே "தெக்கினி" என்ற ஒரு பகுதி மந்திரப் பூட்டுப் போட்டு அடைக்கப்பட்டிருக்கிறது. தஞ்சாவூரில் இருந்து கொண்டு வரப்பட்ட நாகவல்லி என்ற நடனக்காரியை அந்த வீட்டுக் காரணவர் கொன்றுவிட்டார் என்றும், அவள் ஆவி அங்கே அடைபட்டுக் கிடக்கிறது என்றும் ஊர் நம்புகிறது. கங்கா அந்தப் பூட்டைத் திறக்கிறாள். அதன் பிறகு சலங்கைச் சத்தம். ராத்திரியில் பாட்டுக் குரல். நண்பரான மனநோய் டாக்டர் சன்னி (மோகன்லால்) வந்து, ஆவியும் இல்லை, பூதமும் இல்லை, ஒரு பெண்ணின் மனதுக்குள் இன்னொரு பெண் குடி வந்துவிட்டாள் என்று கண்டுபிடிக்கிறார்.

ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதும் இந்தப் படத்துக்கே கிடைத்தது. திருப்பூணித்துறை அரண்மனையிலும், பத்மநாபபுரம் அரண்மனையிலும் படம் பிடித்தார்கள். பத்மநாபபுரம் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. ஆக, மலையாளப் பேய் உலாவிய தாழ்வாரத்தில் பாதி தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது!

2004-ல் டைரக்டர் பி.வாசு இந்தக் கதையைக் கன்னடத்தில் "ஆப்தமித்ரா" என்று எடுத்தார். டாக்டராக விஷ்ணுவர்தன். நாகவல்லியாக சவுந்தர்யா. "அருணாசலம்", "படையப்பா" படங்களில் ரஜினியோடு நடித்த அதே சவுந்தர்யாதான். 2004 ஏப்ரல் 17-ந் தேதி, ஆந்திராவில் தேர்தல் பிரசாரத்துக்காகப் பெங்களூரில் இருந்து கிளம்பிய சிறிய விமானம் விழுந்து அவர் இறந்து போனார். படம் ஆகஸ்டில் வெளிவந்தது. இறந்தவளின் ஆவி வந்து ஆடும் கதையில், ஆடிக் காட்டிய நடிகையே உயிரோடு இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று "சந்திரமுகி" வந்தது. சிவாஜி புரொடக்‌ஷன்சின் 50-வது படம். 2002-ல் வந்த "பாபா" சரியாகப் போகாததால் பசியோடு காத்திருந்த ரசிகர்களுக்கு அது விருந்து. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களைத் தாண்டி ஓடியது. (அந்த தியேட்டர் இப்போது இல்லை.) பிறகு பிரியதர்ஷன் 2007-ல் "பூல் புலையா" என்று இந்தியில் எடுத்தார். 2023-ல் "சந்திரமுகி 2" வந்தது. லாரன்சும் கங்கனா ரணாவத்தும் நடித்தது. அதைப் பற்றிப் பெஞ்சில் விவாதமே எழவில்லை. இரு கட்சியும் ஒரே தீர்ப்பு. வேண்டாம்.

டாக்டர் முந்தி, பேய் பிந்தி

இனி வழக்குக்கு வருவோம்.

மலையாளத்தில் மோகன்லால் நுழைவதற்குள் படம் வெகுதூரம் போய்விடுகிறது. அதுவரை அந்த வீடுதான் கதாநாயகன். யார் மேல் சந்தேகப்படுவது என்று தெரியாமல் நாம் தவிக்கிறோம். தமிழில் அப்படிச் செய்ய முடியுமா? ஒரு மணி நேரம் ரஜினி வராவிட்டால் தியேட்டரில் நாற்காலி மிஞ்சுமா? அதனால் ஆரம்பத்திலேயே அவர் வருகிறார். சண்டை போடுகிறார், பாடுகிறார், வடிவேலுவோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறார். ரஜினி பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பேய்க்கும் பயப்படத் தோன்றாது. பயம் குறைந்தது அங்கேதான்.

இன்னொன்றும் நடந்தது. நடனக்காரியைக் கொன்ற ராஜா வேட்டையன் வேடத்தையும் ரஜினியே போட்டார். "லக லக லக" என்று அவர் சொன்னதைக் குழந்தைகள் எல்லாம் சொல்லித் திரிந்தன. படம் பேர் சந்திரமுகி. பேர் வாங்கியவன் வேட்டையன். கொலை செய்தவனுக்குக் கைதட்டல், செத்தவளுக்குப் பயம். இதில் ஏதோ கணக்கு இடிக்கிறது என்று கணக்கு எழுதுகிற மருமகன் சொல்வதில் நியாயம் உண்டு.

அதற்காக ஜோதிகாவைக் குறை சொல்ல முடியாது. பரதம் கற்ற ஷோபனாவின் ஆட்டம் வேறு, ஜோதிகாவின் ஆட்டம் வேறுதான். ஆனால் கண்ணில் ஜோதிகா காட்டிய வெறி அவருடைய சொந்தச் சரக்கு. வினயா பிரசாத் இரண்டு படத்திலும் நடித்திருக்கிறார் என்பது மாமா கட்சிக்குத் தெரியாத செய்தி.

பேய் பேசும் பாஷை

எல்லாவற்றையும் விட முக்கியமானது வேறு ஒன்று. சென்னையிலோ மதுரையிலோ அதைக் கவனிக்காமல் இருக்கலாம். பாகாலாவில் முடியாது.

கணவன் வெளியே போகக் கூடாது என்று தடுக்கிறான். மனைவியின் முகம் மாறுகிறது. குரல் மாறுகிறது. கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். அதோடு பாஷையும் மாறுகிறது. மலையாளப் படத்தில் அவள் தமிழில் பேசுகிறாள். தமிழ்ப் படத்தில் தெலுங்கில் பேசுகிறாள். கன்னடத்திலும் நாகவல்லிக்குத் தெலுங்கு. இந்தியில் வங்காளி. ஒவ்வொரு ஊரிலும் பேய்க்குப் பக்கத்து ஊர்ப் பாஷை!

தமிழ்நாட்டு தியேட்டர்களில் அந்தத் தெலுங்குக்கு உறைந்து போய் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சொல்கிறாள் என்று பாதி புரியாததே பாதி பயம். பாகாலாவில் நடந்தது என்ன? பார்சல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் வீட்டில் டெலிவிஷனில் அந்தக் காட்சி ஓடியது. கட்டில் தூக்கப்பட்டது. ஜோதிகா தெலுங்கில் உறுமினார். குமாஸ்தாவின் சின்ன மகள் திரும்பி, "அப்பா, அம்மா மாதிரியே பேசுது" என்றாள். வீடே சிரித்துவிட்டது. அந்த வீட்டு அம்மா தமிழ்க் குடும்பம்தான். ஆனால் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கே. சமையல் தமிழில், சண்டை தெலுங்கில். கோபத்துக்கு வாயில் முதலில் வருவது பள்ளிக்கூடத்துப் பாஷை.

"ரா ரா" பாட்டின் கதியும் அதுதான். புவனசந்திரா எழுதிய தெலுங்குப் பாட்டு அது. தமிழ் ரசிகனுக்கு அது எங்கேயோ இருந்து அழைக்கும் குரல். பாகாலாவில் தெருவில் விளையாடும் பையனைச் சாப்பிடக் கூப்பிடும் குரல். இதைக் கேட்டு யார் நடுங்குவது?

ஆனால் சிரித்து முடித்த பிறகு குமாஸ்தா ஒன்று சொன்னார். "எங்க அம்மா சாகும் வரைக்கும் தெலுங்கு பேசலே. இந்தப் பொண்ணு கோபப்பட்டா தமிழ் வரலே. நடுவுலே நான் ஒருத்தன்தான் ரெண்டுக்கும்." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கதையைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் நாகவல்லியும் சந்திரமுகியும் யார்? சொந்த ஊரில் இருந்து கொண்டு வரப்பட்டவர்கள். தஞ்சாவூர்க்காரி மலையாள வீட்டில். ஆந்திராக்காரி தமிழ் அரண்மனையில். தன் பாஷை பேசுகிற ஒரே ஆள், எதிர் வீட்டில் இருக்கும் காதலன். அவனோடும் பேசக் கூடாது என்று தடை. செத்த பிறகுதான் தன் பாஷையில் உரக்கப் பேச அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால், பயத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வரும்.

மலையாளப் படத்தில் அந்தத் தமிழ் தற்செயலாக நுழைந்தது அல்ல. நாகவல்லி ஆடும் பாட்டின் தமிழ் வரிகளை எழுதியவர் கவிஞர் வாலி. பாடியவர் சித்ரா. ஜேசுதாஸ் பாடிய இன்னொரு பாட்டு "பழந்தமிழ்" என்றே ஆரம்பிக்கும். ஆஹிரி ராகம். காலையில் ஆஹிரி பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று வித்வான்கள் சொல்வது உண்டு. பேய்ப் படத்துக்கு ராகம் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார் எம்.ஜி.ராதாகிருஷ்ணன்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. நாகவல்லியாக ஷோபனா பேசும் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ் டப்பிங் கலைஞர். கங்காவின் மலையாளத்துக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி. இரண்டு குரலும் பாக்யலட்சுமி குரல்தான் என்று ஊரே நினைத்திருந்தது. 20 வருடங்களுக்கு மேல் கழிந்து, 2016-ல்தான் பாசில் உண்மையைச் சொன்னார். கேரளாவைக் கிடுகிடுக்க வைத்த குரல் அத்தனை காலம் பேர் இல்லாமல் இருந்தது.

தெலுங்கில் "சந்திரமுகி" டப் செய்யப்பட்டு வந்தது. 2010-ல் வெங்கடேசும் அனுஷ்காவும் நடித்த "நாகவல்லி" வந்தது. அது அடுத்த பாகம் போன்ற கதை. இந்த டப்பிங் படத்தை இங்கே பார்த்த தெலுங்கு நண்பர்கள் ரஜினியைப் பற்றித்தான் பேசினார்கள். "ரா ரா" மற்ற பாட்டுகளோடு ஒரு பாட்டாகப் போயிற்று.

அப்படியானால் "சந்திரமுகி" பார்க்கத் தகுந்ததா? தகுந்ததுதான். டூட்டி முடிந்து குடும்பத்தோடு உட்கார்ந்து சிரிக்க, ரஜினியைப் பார்க்க, வடிவேலுவைப் பார்க்க, அதற்கு ஈடு இல்லை. ஆனால் பயப்பட வேண்டும் என்றால் மலையாளத்துக்குத்தான் போக வேண்டும். இதை மாமாவிடம் யார் சொல்வது?

சொல்ல வேண்டிய வேலை வரவில்லை. போன மாதம் ஒரு ராத்திரி, மருமகன் கைப்பேசியைத் தலையணை மேல் சாய்த்து வைத்துப் படத்தைப் போட்டார். மாமாவுக்கு மலையாளம் தெரியாது. "என்ன சொல்றான்? இப்ப என்ன சொல்றா?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக் கொண்டே இருந்தார். மருமகன் சலித்துப் போய்ப் பாதியைச் சொல்லாமல் விட்டார். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம், இரண்டு மணி நேரம்.

கட்டில் காட்சி வந்தது. ஷோபனா திரும்பினார். தமிழில் பேசினார்.

இரண்டு மணி நேரம் புரியாத பேச்சைக் கேட்டுக் கொண்டிருந்தவருக்கு முதல் தடவையாக ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. படத்தில் அவரோடு பேசியது அந்தப் பேய் ஒன்றுதான். மாமா எதுவும் கேட்கவில்லை. காலை மடக்கி மேலே வைத்துக் கொண்டார்.

"என்ன மாமா, பயமா?" என்றார் மருமகன்.

"சும்மா இருடா. எந்த ஊருக்காரிடா இவ?"

"தஞ்சாவூர்."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொஞ்சம் பின்னாலே தள்ளு. அவ பேசறதை இன்னொரு வாட்டி கேட்கிறேன்" என்றார்.