பத்தியம் இருந்தும் பிடிபடாத சர்க்கரை

நம் குடும்பங்களில் ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று தெரிந்த மாத்திரத்தில், ஏறியதற்கு என்ன காரணம் என்று யாரும் யோசிப்பதில்லை. வாயைக் கட்டவில்லை என்ற தீர்ப்பு ஒன்று தயாராக இருக்கிறது. போன வாரத்துக் கல்யாணத்தில் இலையில் விழுந்த ஜாங்கிரியும், பேரன் பிறந்த நாளன்று வாயில் ஊட்டப்பட்ட கேக்கும் சாட்சிகளாக அழைக்கப்பட, நோயாளியும் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டவர் போல மௌனமாகிவிடுகிறார். நடு வயதுக்கு மேல் வரும் இரண்டாம் வகை நீரிழிவில் இந்தத் தீர்ப்பு ஓரளவு பொருந்துவதும் உண்டு. ஆனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் கணையத்தின் மீது பாய்ந்து அதன் இன்சுலின் அணுக்களை அழித்துவிடுவதால், பெரும்பாலும் குழந்தைப் பிராயத்திலோ வாலிபத்திலோ உண்டாகும் டைப் 1 என்னும் முதல் வகையில், அளந்து உண்டு, அளந்து ஊசி போட்டும் சர்க்கரை நிலைகொள்ளாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், அங்கே விசாரிக்கப்பட வேண்டியது நோயாளியின் நாக்கு அன்று. அதே எதிர்ப்புச் சக்தி வேறோர் உறுப்பையும் தாக்கத் தொடங்கிவிட்டதா என்பதே.

ஒரே வேரில் கிளைத்தவை

1869-ஆம் ஆண்டில் பெர்லினில் வைத்திய மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்து, அதில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த சிறு அணுத்திட்டுக்களைக் கண்டு வர்ணித்தாரே அன்றி, அவற்றின் தொழில் இன்னதென்று அவர் அறியவில்லை. அத்திட்டுக்களிலுள்ள பீட்டா அணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. 1922 ஜனவரியில் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டதிலிருந்து இந்நோய் கண்டால் விரைவில் மரணம் என்ற நிலை மாறிற்று. ஆயினும், அந்த அணுக்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வி மேலும் அரை நூற்றாண்டு விடையின்றியே நின்றது.

விடை கிடைத்த விதம் நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. 1974-இல் லண்டனில் பொட்டாஸோ, டெபோரா டோனியாக் முதலிய ஆராய்ச்சியாளர்கள், கணையத் திட்டுக்களுக்கு எதிராக ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருள்களைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அவற்றைக் கண்டது நீரிழிவு மாத்திரம் உடையவர்களிடத்தில் அன்று; நீரிழிவுடன் தைராய்டு, அட்ரினல் போன்ற பிற சுரப்பிகளும் சேர்ந்து பழுதுபட்டிருந்தவர்களிடத்தில்தான். பல வியாதிகளை ஒருங்கே சுமந்த அந்தச் சிலருடைய ரத்தமே, டைப் 1 நீரிழிவு ஒரு தன்னெதிர்ப்பு நோய், இக்கால வழக்கில் ஆட்டோ இம்யூன் நோய், என்பதற்குச் சாட்சியாயிற்று.

ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. என்னும் பரம்பரைக் கூறுகளில் சில வகைகள், கணையத்தை மட்டுமின்றி, தைராய்டு, அட்ரினல், சிறுகுடல் ஆகியவற்றையும் இத்தாக்குதலுக்கு இலக்காக்குகின்றன. பரம்பரைக் கூறு இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதில்லை. வாசல் திறந்திருக்கிறது, அவ்வளவே. முப்பது நாற்பது வயதில், மெலிந்த சரீரத்தோடு நீரிழிவு கண்டு, மாத்திரைக்கு விரைவில் அடங்காமற்போகும் சிலரும் உண்மையில் இந்த இனத்தைச் சேர்ந்தவர்களே. அவர்களை இரண்டாம் வகை என்று எண்ணி வருஷக்கணக்கில் மாத்திரை மாற்றிக்கொண்டிருப்பதைவிட, காட் என்னும் எதிர்ப்பொருள் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுவது உத்தமம்.

தைராய்டு செய்யும் மாறாட்டம்

சேர்ந்து வரும் நோய்களுள் முதலிடம் தைராய்டுக்கே. டைப் 1 கண்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் தொடக்கத்திலேயே காணப்படுகின்றன. எல்லோருக்கும் அது நோயாக முற்றிவிடுவதில்லை என்பது ஓர் ஆறுதல். ஜப்பானிய வைத்தியர் ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு நோயாளிகளின் தைராய்டை ஆராய்ந்து எழுதிய வியாதி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த நால்வரும் பெண்களாக இருந்தது தற்செயல் அன்று. பெண்களையே இது அதிகமாகப் பற்றுகிறது.

சுரப்பு குறைந்துவிட்டால், போட்ட இன்சுலின் உடலைவிட்டு நீங்கத் தாமதித்து, அதே ஊசி, அதே சாப்பாடு என்றிருந்தும் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, கை நடுங்கி வியர்க்கிறது. குழந்தையாயின் வளர்த்தி தடைப்படுகிறது. சுரப்பு மிகுந்துவிட்டாலோ இதற்கு நேர்மாறாக, எவ்வளவு ஊசி போட்டாலும் சர்க்கரை அடங்குவதில்லை. ஆகவே, நீரிழிவு கண்டு சர்க்கரை ஓரளவு ஸ்திரப்பட்டதும் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனையும், பிறகு ஓரிரு வருஷங்களுக்கு ஒரு முறை அதே பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை தாறுமாறாக இருக்கும் முதல் நாட்களிலேயே செய்தால் முடிவு தவறாக வரக்கூடும். தலைமுடி வளர்வதற்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரையும் பல பரிசோதனைக் கூடங்களின் முடிவைப் புரட்டிவிடுமாதலால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுவது நல்லது. டைப் 1 உடைய பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய தைராய்டு அழற்சி மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்பதால், பிள்ளை பெற்ற அசதி என்று ஒதுக்கிவிடாமல் அம்மாதங்களில் ஒரு முறை பார்த்துக்கொள்வது அவசியம்.

சுரப்புக் குறைவுக்கு மருந்து எளியது. ஆனால் நம் வீடுகளில் அதற்குப் பெரும் விரோதி டபரா டம்ளர்தான். பொழுது விடிந்து பல் துலக்கியவுடன் தைராய்டு மாத்திரையை வாயில் போட்டு, அதன் மேலேயே சூடான காபியை ஊற்றிவிட்டால், மருந்தில் கணிசமான பங்கு வீணாகிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபி டிகாஷனின் வாசனையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேர இடைவெளி தேவை.

இன்சுலின் குறைவது எப்போதும் நற்செய்தி அன்று

நாளொன்றுக்கு 40 யூனிட் இன்சுலின் போட்டு வந்த ஓர் இளைஞனுக்கு, சில மாதங்களாக 32 போதும், பிறகு 25 போதும் என்று அளவு தானாகவே குறைந்துகொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஆனந்தம் தாண்டவமாடும். அத்தை கொடுத்த கஷாயத்துக்கோ, வேண்டுதலுக்கோ பெருமை போய்ச் சேரும். ஆனால் அதே பையன் விடியற்காலைகளில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து விழிக்கிறான், எடை இறங்குகிறது, படுக்கையை விட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது, மோர் சாதத்துக்கு ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொண்டவன் இப்போது பாதிக் கிண்ணத்தைக் காலி செய்கிறான். நிறம் சற்றே கறுத்திருப்பதை வெயிலில் அலைந்தான் என்று சொல்லிவிடுவார்கள். மாநிறத்தாரிடத்திலும் கறுப்பு நிறத்தாரிடத்திலும் இது எளிதில் புலப்படாதாகையால், உள்ளங்கை ரேகைகளையும் ஈறுகளையும் பார்க்க வேண்டும். வெயில் படாத அந்த இடங்கள் புதிதாகக் கறுத்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இது அட்ரினல் சுரப்பி வற்றிப்போவதால் வரும் நோய். லண்டன் வைத்தியர் தாமஸ் அடிசன் 1855-இல் இதை விவரித்தார். சர்க்கரையைத் தாங்கி நிறுத்தும் கார்ட்டிசால் சுரக்காதபோது, இன்சுலினுக்கு எதிர்விசை இல்லாமற்போகிறது. டைப் 1 உடையவர்களில் இருநூறு பேரில் ஒருவருக்கு வரும் அரிய நோய்தான். கவனியாமல் விட்டால் உயிருக்கே அபாயம். நம் நாட்டில் க்ஷயரோகமும் இதே சுரப்பியை அழிக்கக்கூடும் என்பதை டாக்டர்கள் மறப்பதில்லை. காலை எட்டு மணியளவில் எடுக்கும் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவைப் பார்ப்பதே முதற்படி.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. தைராய்டும் அட்ரினலும் இரண்டும் குறைந்திருக்கும் ஒருவருக்கு, அட்ரினல் குறையை அறியாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் முதலில் தொடங்கினால், மிச்சமிருக்கும் கார்ட்டிசாலும் விரைவாகச் செலவாகி, ஆள் திடீரென்று விழுந்துவிடுவார். தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகு தெம்பு வருவதற்குப் பதிலாகத் தள்ளாமையும் வாந்தியும் அதிகமானால், மாத்திரை பழகட்டும் என்று காத்திராமல் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அரிசியை விடச் சொல்லும் உபதேசம்

சர்க்கரை வியாதி என்றதும் தமிழ்நாட்டில் கிடைக்கும் முதல் உபதேசம், சோற்றைக் குறைத்துச் சப்பாத்திக்கு மாறு என்பதும், காலையில் சம்பா கோதுமை ரவைக் கஞ்சி குடி என்பதும்தான். பெரும்பாலோருக்கு இதனால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கோதுமையிலும் மாவுச் சத்துத்தானே இருக்கிறது! ஆனால் டைப் 1 உடையவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்னும் புரதம், சிறுகுடலின் உட்சவ்வை எதிர்ப்புச் சக்தி அரித்துவிடுமாறு தூண்டுகிறது. இது சீலியாக் நோய்.

நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே, இந்நோய் கண்ட குழந்தைகளுக்குக் கோதுமை ஆகாது என்று ஏற்கெனவே சந்தேகித்து வந்தவர். 1944-45 குளிர்காலத்தில் யுத்தப் பஞ்சத்தால் ரொட்டியே கிடைக்காதபோது அவர்கள் நன்றாக இருந்ததும், ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியதும் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தின. இந்தியாவில் பல மாநிலங்களில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவிலுமே இந்நோய் காணப்பட்டது. அரிசியே பிரதானமாக உண்பது நமக்கு ஒரு கவசமாக இருந்திருக்கலாம். அந்தக் கவசத்தைக் கழற்றி எறியச் சொல்கிறது சப்பாத்தி உபதேசம் என்பதை நினைக்கும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

பேதி இருந்தால்தான் இந்நோய் என்று எண்ணக் கூடாது. சாப்பிட்ட உணவு சரியாகக் கிரகிக்கப்படாததால் சாப்பாட்டுக்குப் பின்னரே சர்க்கரை தாழ்வது, இரும்புச் சத்து மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை, உயரம் நின்றுபோன குழந்தை என்று பல வேஷங்களில் வருகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து, தேவையானால் எண்டோஸ்கோபி மூலம் குடலின் சிறு துணுக்கை எடுத்து உறுதி செய்கிறார்கள். பரிசோதனை முடியுமுன் கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லாதது போல் தோன்றும்.

உறுதியானபின் ஆயுள் முழுவதும் விலக்க வேண்டும். பரோட்டா, ரவா உப்புமா, சேமியாப் பாயசம், ரஸ்க் ஆகியவை கண்ணுக்குத் தெரிந்த எதிரிகள். கண்ணுக்குத் தெரியாத எதிரிகளும் உண்டு: கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவே கலந்திருப்பதால், அரிசிச் சாதமும் ரசமும் மட்டும் உண்ட பத்தியக்காரருக்கும் அந்த ரசத்தின் வழியே குளூட்டன் போய்ச் சேரலாம். மால்ட் கலந்த சத்துப் பானங்களும், நீர்க்கடுப்புக்குப் பாட்டி காய்ச்சித் தரும் பார்லிக் கஞ்சியும் அப்படியே. இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் தாராளமாக ஆகும். குடல் தேறத் தேற உணவு நன்றாகக் கிரகிக்கப்பட்டு இன்சுலின் தேவை கூடலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

ரத்தமும் தோலும்

வயிற்றின் உட்சவ்வு தாக்கப்பட்டு பி12 சத்தை ஏற்க முடியாமற்போவதும், தோலில் வெண்புள்ளிகள் படர்வதும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. வெண்புள்ளி தொற்று நோயன்று. அதற்குமேல் அதைப் பற்றி அஞ்ச ஒன்றுமில்லை. பி12 குறைவால் பாதம் மரத்துப்போவதை நீரிழிவின் நரம்புக் கோளாறு என்று முடிவு கட்டிவிடும் வழக்கம்தான் கவலைக்குரியது. ஊசியால் சரியாகக்கூடியதைச் சரியாகாதது என்று விட்டுவிடுகிறோம். ரத்தசோகை இருக்கும்போது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் நம்பத்தக்கதாக இராது. இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு அது உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும்.

மூட்டுவாத மருந்தும் மத்தியானச் சர்க்கரையும்

தன்னெதிர்ப்பு நோய்களேயான முடக்குவாதத்துக்கோ லூபஸுக்கோ பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து, சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள். காலையில் விழுங்கிய ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டுவது மத்தியானத்திலிருந்து இரவு வரை. விடியுமுன் அது தணிந்துவிடுகிறது. ஆகையால் பார்க்க வேண்டியது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை. அதே மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சர்க்கரையைச் சற்றுத் தாழ்த்தும் குணமுடையது. ஒன்றை ஏற்றி மற்றொன்றைக் குறைக்கும்போது இன்சுலின் அளவையும் டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும்.

நாலு டாக்டர், ஒரு நோட்டு

சுரப்பிக்கு ஒருவர், குடலுக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று நாலு டாக்டர்களிடம் போகிறவர், அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே நோட்டில், எல்லா மருந்துகளையும் தொடங்கிய தேதியோடும் அளவோடும் எழுதி, ஒவ்வொருவரிடமும் அதை முதலில் நீட்ட வேண்டும். எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று விளம்பரமாகும் லேகியத்தையும் பொடியையும் அதில் ஒளிக்காமல் எழுத வேண்டும். எதிர்ப்புச் சக்தி வழிதவறியதனால் வந்த நோய்க்கு அதையே பெருக்குவது என்ன நியாயம் என்று விற்பவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

காய்ச்சலும் வாந்தியும் கண்ட நாளில், சாப்பிடவில்லையே என்று டைப் 1 உடையவர் இன்சுலினை அடியோடு நிறுத்துவது கீட்டோன் மிகுந்து உயிருக்கு ஆபத்தாக முடியும். அளவு மாறலாமே ஒழிய நிறுத்தக் கூடாது. அடிசன் நோயும் சேர்ந்திருந்தால், அந்நாளில் டாக்டர் சொல்லி வைத்தபடி ஸ்டீராய்டைக் கூட்டவும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் ஊசியாகப் போட்டுக்கொள்ளவும் வேண்டும். இவ்விரண்டையும் நோயாளி வாய் திறந்து சொல்ல முடியாத நிலையில் அவசரப் பிரிவுக்கு வரலாமாகையால், டைப் 1, இன்சுலின் நிறுத்தக் கூடாது என்றும், அட்ரினல் குறைவு, உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவை என்றும் இரண்டு வரிகளை ஓர் அட்டையில் எழுதி, பர்ஸிலே பணத்துக்கு முன்னால் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.